ஸ்காட்லாந்து மிஷன் (செங்கல்பட்டு)

ஸ்காட்லாந்து மிஷன் என்பது 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் தொடங்கப்பட்டு, தாம்பரம், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய பகுதிகளில் கல்வி, நிலக் குடியேற்றம், மருத்துவம் முதலிய சமூகப் பணிகளை மேற்கொண்ட சீர்திருத்தத் திருச்சபை அமைப்பாகும். சென்னைக் கிறித்துவக் கல்லூரி, இராயபுரம் ரெய்னி மருத்துவமனை, செங்கல்பட்டு புனித கொலம்பா பள்ளி ஆகியவை இதன் வழியில் தோன்றிய நிறுவனங்களுள் சிலவாகும். நிலமற்ற வேளாண் தொழிலாளருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் 1892ஆம் ஆண்டின் அரசாணைக்கு முன் நிகழ்ந்த விவாதங்களிலும், திருமணி தொழுநோய்க் குடியேற்றத்தின் நிர்வாகத்திலும் இம்மிஷனுக்குப் பங்கு உண்டு. 1947இல் இதன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையின் பகுதியாயின.

பின்னணி

சென்னையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துத் திருச்சபைக் குருமார்கள் 1835இல் ஒரு பள்ளியைத் தொடங்கினர். 1837இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் அதன் பொறுப்பை ஏற்று, 'பொதுச் சபைப் பள்ளி' என்ற பெயரில் அதை விரிவுபடுத்தினார். பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது இப்பள்ளியே. 1840ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, நெல்லூர் ஆகிய ஊர்களில் கிளைப் பள்ளிகள் ஏற்பட்டன.

பள்ளியில் விரைவிலேயே சாதிச் சிக்கல் எழுந்தது. 1838இல் பறையர் சமூகத்தைச் சேர்ந்த மாணவர்கள் சேர்க்கப்பட்டபோது, அவர்களை நீக்க வேண்டும் அல்லது தனி இருக்கையில் அமர்த்த வேண்டும் என்று உயர்சாதி மாணவர்களின் வீட்டார் கோரினர். ஆண்டர்சன் இதற்கு இணங்கவில்லை. மாணவர் பலர் பள்ளியை விட்டு விலகிய போதிலும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டது. ஆண்டர்சனும் அவருடைய உடன்பணியாளர்களும் அரசின் தலையீட்டை ஏற்காத சுதந்திரத் திருச்சபையில் சேர்ந்தனர். இத்திருச்சபை 1900இல் ஐக்கிய சுதந்திரத் திருச்சபை ஆயிற்று. 1929இல் அதன் பெரும்பகுதி ஸ்காட்லாந்துத் திருச்சபையுடன் மீண்டும் இணைந்தது. இதனால் ஒரே மிஷன் வெவ்வேறு காலத்து ஆவணங்களில் வெவ்வேறு பெயர்களால் குறிப்பிடப்படுகிறது.

நகரமும் சிற்றூரும்

வில்லியம் மில்லர் 1862இல் சென்னைக்கு வந்து கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். நகரத்து உயர்சாதி இளைஞர்களுக்கு உயர்தரக் கல்வி அளிப்பதன் மூலம் சமூகத்தின் சிந்தனை படிப்படியாக மாறும் என்பது அவருடைய கருத்து. உடனடி மதமாற்றத்தை அவர் கல்லூரியின் நோக்கமாகக் கொள்ளவில்லை.

செங்கல்பட்டுச் சிற்றூர்களின் நிலைமை வேறாக இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்கள் நிலமற்ற தொழிலாளர்கள். பஞ்சத்திற்குப் பின் சேரி மக்கள் குடும்பம் குடும்பமாக மிஷன்களை நாடினர். அவர்கள் கேட்டவை பள்ளி, பஞ்ச நிவாரணம், வழக்குகளில் உதவி, நிலம் ஆகியவை. கல்லூரிப் பணியில் பழகிய மிஷனுக்கு இது புதிய சூழலாக அமைந்தது.

செங்கல்பட்டின் நிலவுடைமை முறை

மிஷனின் பிற்காலப் பணிகளைப் புரிந்துகொள்ள இப்பகுதியின் மிராசு முறையை அறிவது தேவையாகும். ஊரின் நிலத்தைப் பங்குகளாகக் கொண்டு பரம்பரையாக அனுபவித்த குடும்பத்தினர் மிராசுதார் எனப்பட்டனர். பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும் மிராசுதாரர்களாக இருந்தனர். பயிரிடும் நிலத்தின் மீது மட்டுமன்றித் தரிசு, நத்தம் ஆகியவற்றின் மீதும் அவர்கள் முன்னுரிமை கோரினர்.

வயலில் உழைத்தவர்கள் படியாள், பண்ணையாள் என அழைக்கப்பட்டனர். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைத்தனத்திற்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. இந்திய தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. ஆயினும் கடன் காரணமாக ஒரு குடும்பம் ஒரே மிராசுதாரரிடம் தலைமுறை தலைமுறையாக வேலை செய்யும் நிலை தொடர்ந்தது.

தொழிலாளரைக் கட்டுப்படுத்திய கூறுகளுள் இரண்டு முக்கியமானவை.

1. குடியிருப்பு மனை. சேரி அமைந்திருந்த இடம் தமக்கு உரியது என மிராசுதாரர்கள் கூறினர். கூலி உயர்வு கேட்டவரையும், வேறு இடத்தில் வேலைக்குச் சென்றவரையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவரையும் குடிசையிலிருந்து வெளியேற்றுவதாக அச்சுறுத்த இது வழிசெய்தது.

2. தர்க்காஸ்து விதி. அரசின் தரிசு நிலத்தைப் பயிரிட விரும்புபவர் தர்க்காஸ்து எனப்படும் விண்ணப்பத்தை அளிக்க வேண்டும். செங்கல்பட்டில் மிராசுதாரருக்கு இதில் முன்னுரிமை இருந்தது. சேரியைச் சேர்ந்த ஒருவர் விண்ணப்பித்தால், அதே நிலத்தை மிராசுதார் தமக்கெனக் கேட்டுப் பெற முடிந்தது. கிராமக் கணக்குப் பிள்ளையும் பெரும்பாலும் மிராசுதாரர் பக்கமே இருந்தார்.

இதனால் தரிசு மிகுந்த மாவட்டமாக இருந்தும், உழுபவருக்கு அது எட்டாததாகவே இருந்தது.

ஆடம் ஆண்ட்ரூவும் நிலக் கோரிக்கையும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டில் பணியாற்றிய சுதந்திரத் திருச்சபைக் குரு ஆடம் ஆண்ட்ரூ ஆவார். சேரிகளில் பள்ளி நடத்த முற்பட்டபோது அவரும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டார். குடியிருக்கும் மனையே தமக்கு உரிமையில்லாத மக்களிடையே பள்ளியை நிலைநிறுத்துவது கடினமாயிற்று. தொழிலாளர் சார்பில் தர்க்காஸ்து விண்ணப்பங்கள் எழுதுதல், அவற்றை அதிகாரிகளிடம் கொண்டு சேர்த்தல், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்தல் ஆகியவை மிஷன் பணியின் பகுதியாயின. இதே காலத்தில் வெசிலியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டை மையமாகக் கொண்டு இத்தகைய பணிகளைச் செய்தார்.

இக்கோரிக்கை மிஷனரிகளால் மட்டும் எழுப்பப்பட்டதன்று. ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே இக்காலத்தில் தம் உரிமைகளுக்காக அமைப்புகளையும் இதழ்களையும் தோற்றுவித்தனர். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரும் இக்காலத்திலேயே செயற்பட்டார். சென்னையில் கர்னல் ஆல்காட் 1894 முதல் பஞ்சமர் இலவசப் பள்ளிகளை நிறுவினார்.

திரெமென்ஹீர் அறிக்கை

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் திரெமென்ஹீர் 1891இல் மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கை அளித்தார். தொழிலாளரின் வறுமை, கடன் அடிமை நிலை, மனை உரிமையின்மை, தரிசு நிலம் பெறுவதில் உள்ள தடைகள் ஆகியவற்றை அது விவரித்தது. குடியிருப்பு மனைக்கு உரிமை வழங்குதல், தரிசு நிலம் ஒதுக்குதல், பள்ளிகள் அமைத்தல் ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார். மிஷனரிகள் அரசிடம் அளித்த முறையீடுகளும் இதே குறைகளை எடுத்துக் கூறின.

வருவாய் வாரியம் இக்கருத்துகளை முழுமையாக ஏற்கவில்லை. நிலைமை மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்ற கருத்து உயர் அதிகாரிகளிடையே இருந்தது. மிராசுதாரரைப் பகைத்துக்கொள்ளவும் அரசு விரும்பவில்லை. 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான 1010, 1010ஏ எண்ணுள்ள வருவாய்த் துறை ஆணைகள், பரிந்துரைகளில் ஒரு பகுதிக்கே இடமளித்தன. இவற்றின் அடிப்படையில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கெனத் தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இவையே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றன. பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பன இந்நிலங்களின் முக்கிய நிபந்தனைகள் ஆகும்.

1893இல் பஞ்சமர் கல்விக்கான சலுகைகளை அரசு அறிவித்தது. மனை உரிமைச் சிக்கல் மட்டும் தீர்க்கப்படாமலே நீடித்தது.

மெல்ரோசாபுரம்

அரசு நிலம் கிடைப்பது தாமதமானதால் மிஷன்கள் தாமே நிலம் பெற்றுக் குடியேற்றங்களை அமைத்தன. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்துள்ள மெல்ரோசாபுரம், ஆண்ட்ரூவின் முயற்சியால் இவ்வாறு உருவான குடியேற்றமாகும். மெல்ரோஸ் என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். குகைக்கோயிலில் எழுந்தருளியுள்ள பாடலாத்ரி நரசிம்மரால் பெயர்பெற்ற ஊருக்கு அருகில் ஸ்காட்லாந்துப் பெயருடைய ஒரு சிற்றூர் இருப்பதன் காரணம் இதுவே.

மிராசுதாரரின் நத்தத்தை விட்டு விலகி, எவரும் வெளியேற்ற இயலாத இடத்தில் வீடு கட்டுவதும், அருகிலேயே பயிரிட நிலம் பெறுவதும் இத்தகைய குடியேற்றங்களின் அடிப்படைத் திட்டமாகும். இதில் இடர்களும் இருந்தன. தரிசாகக் கிடந்த நிலம் பெரும்பாலும் மேட்டு நிலம். ஏரிப் பாசனம் மிராசுதாரரின் நன்செய்க்கே முதலில் சென்றது. கிணறு வெட்டவும், உழவு மாடு வாங்கவும், முதல் விளைச்சல் வரை உணவுக்கும் பணம் தேவைப்பட்டது. நிலம் மட்டும் தந்து முதலீடு தராவிட்டால், குடியேறியவர் மீண்டும் கடனுக்கு மிராசுதாரரிடமே செல்ல நேரிடும் என்பது இக்காலத்து அனுபவங்களிலிருந்து தெரியவந்தது.

மருத்துவப் பணி

பெண் மருத்துவர் அலெக்சாந்திரினா மக்பெயில் 1888இல் சென்னைக்கு வந்து, இராயபுரம் பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் செல்லப் பெண்கள் தயங்கிய காலம் அது. இம்மருந்தகம் வளர்ந்து 1914இல் மருத்துவமனையாயிற்று. ஸ்காட்லாந்தில் பெண்கள் மிஷன் பணிக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ்டினா ரெய்னியின் நினைவாக இதற்கு ரெய்னி மருத்துவமனை எனப் பெயரிடப்பட்டது. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மிகுந்து வாழ்ந்த வடசென்னையில் இது முக்கிய மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கியது.

திருமணி தொழுநோய்க் குடியேற்றம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய்க் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியின் பெயர் இதற்கு இடப்பட்டது. அரசின் ஆதரவுடன் ஸ்காட்லாந்து மிஷன் இதனை நடத்தியது.

1935இல் ராபர்ட் கோக்ரேன் இங்கு மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் தொழுநோய்க்குச் சாலமுக்ரா எண்ணெய் ஊசியே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. அதன் பயன் மிகக் குறைவு. கோக்ரேன் 1946இல் டாப்சோன் மருந்தை ஊசி வழியாக அளித்துப் பார்த்தார். நோயாளரை ஒதுக்கி வைக்கும் இடமாக இருந்த குடியேற்றங்கள் குணப்படுத்தும் மருத்துவமனைகளாக மாறியதில் டாப்சோனுக்குப் பெரும்பங்கு உண்டு.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பால் பிராண்ட் 1947இல் கோக்ரேனின் அழைப்பை ஏற்றுச் செங்கல்பட்டிற்கு வந்தார். விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றும்படி பிராண்ட் கூறினார். அந்தப் பிடி வலி உண்டாக்கும் அளவு வலுவாக இருந்தது. கை முழுவதும் செயலிழக்கவில்லை, சில தசைகள் மட்டுமே நரம்புச் சிதைவால் முடங்கியுள்ளன என்பதை அவர் இதனால் உணர்ந்தார். வலுவுள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல்களை இயங்கச் செய்யலாம் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1948 முதல் அவர் வேலூரில் இவ்வகை அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் தேய்வதற்கு உணர்வின்மையால் ஏற்படும் காயங்களே பெரிதும் காரணம் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின.

1955இல் இந்திய அரசு இக்குடியேற்றத்தையும், 1937இல் நிறுவப்பட்ட சைதாப்பேட்டை வெள்ளிவிழாக் குழந்தைகள் மருந்தகத்தையும் ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆய்வு நிறுவனத்தை அமைத்தது.

தாம்பரம்

சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம் மாறியது. இவ்வளாகத்தைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வடிவமைத்தார். 1938 டிசம்பரில் பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் மாநாடு இங்கு நடைபெற்றது. பிற சமயங்களுடன் கிறித்தவத்தின் உறவு பற்றி இங்கு நிகழ்ந்த விவாதம் உலகத் திருச்சபை வரலாற்றில் தாம்பரம் என்ற பெயரை நிலைபெறச் செய்தது.

பணியாளர்களும் தன்னார்வலர்களும்

மிஷன் வரலாறுகளில் வெளிநாட்டவரின் பெயர்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆயினும் அன்றாடப் பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே ஆவர். அவர்களுள் பின்வருவோர் அடங்குவர்.

- உபதேசியார்: சிற்றூரில் தங்கிச் சபையையும் பள்ளியையும் நடத்தியவர். விண்ணப்பம் எழுதுவதும், அதிகாரியிடம் உடன் செல்வதும் பல இடங்களில் இவருடைய பணியாயிற்று.
- சேரிப் பள்ளி ஆசிரியர்: பகலில் சிறுவருக்கும், பல இடங்களில் மாலையில் வேலை முடிந்து வருவோருக்கும் எழுத்தறிவித்தவர்.
- வேதாகமப் பெண்கள்: வீடுகளுக்குச் சென்று பெண்களுக்கு வாசிக்கக் கற்பித்தவர்கள். நோயுற்ற பெண்களை மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர்களும் இவர்களே.
- செவிலியரும் மருந்தாளுநரும்: மருந்தகங்களிலும் திருமணியிலும் பணியாற்றியவர்கள்.

தொழுநோய்ப் பணியில் தன்னார்வலராக அறியப்பட்டவர் தி. ந. ஜெகதீசன் ஆவார். ஆங்கில ஆசிரியராக இருந்த இவர் தாமே தொழுநோயால் பாதிக்கப்பட்டு, கோக்ரேனின் சிகிச்சையைப் பெற்றவர். பின்னர்த் தம் வாழ்நாளைத் தொழுநோய் ஒழிப்பிற்கு அளித்தார். விழுப்புரம் அருகே மழவந்தாங்கலில் அமைந்த கஸ்தூரிபா குட்ட நிவாரண நிலையத்தின் உருவாக்கத்தில் இவருக்கு முக்கிய பங்கு உண்டு. 1957இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒப்படைப்பு

மிஷனின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. பள்ளிகளும் ரெய்னி மருத்துவமனையும் திருச்சபையின் பொறுப்பில் தொடர்ந்தன. திருமணி அரசு நிறுவனமாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மனையும் நிலமும் வழங்கும் பணியை 1920 வாக்கில் சென்னை அரசு தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது.

விமர்சனங்கள்

மிஷன் பணிகள் மீது பலவகை விமர்சனங்கள் உண்டு.

- பள்ளியும் மருந்தும் நிலமும் மதமாற்றத்திற்கான தூண்டுதல்கள் என்ற கருத்து. 1930களில் மகாத்மா காந்தி, சேவையை மதமாற்றத்துடன் இணைப்பதைத் தம் 'அரிஜன்' இதழில் கண்டித்தார். சேரி மக்கள் தம் நலனைத் தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வல்லவர்கள் என்பதை இக்கருத்து கருத்தில் கொள்வதில்லை என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழி.
- குடியேற்றங்களில் மிராசுதாரரின் இடத்தை மிஷன் பிடித்துக்கொண்டது என்ற கருத்து. நிலமும் கடனும் ஒழுங்கு விதிகளும் ஒரே அமைப்பிடம் இருக்கும்போது, குடியேறியவரின் சார்பு நிலை முற்றிலும் நீங்குவதில்லை.
- திருச்சபைக்குள்ளேயே சாதி வேறுபாடு நீடித்தது என்ற கருத்து. இதனைத் தலித் கிறித்தவ இயக்கங்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன.

பிற்கால நிலை

பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி நிபந்தனைகளை மீறிப் பிறரிடம் கைமாறியுள்ளது. கடன், ஏமாற்றுப் பத்திரங்கள், 1892க்குப் பிந்தைய நில அளவைகளில் வகைப்பாடு மாறிப் பதிவானமை ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மாமல்லபுரம் பகுதியில் உள்ள காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். இந்நிகழ்விற்குப் பின் பஞ்சமி நில மீட்பு தமிழகம் தழுவிய கோரிக்கையாயிற்று. 2011இல் தமிழக அரசு நீதிபதி மருதமுத்து தலைமையில் இது குறித்து ஒரு குழுவை அமைத்தது.

மறைமலை நகர், மகேந்திரா நகரம், ஒரகடம் ஆகிய தொழில் மையங்களின் வளர்ச்சியால் சிங்கப்பெருமாள் கோவில் பகுதி சென்னையின் புறநகராகிவிட்டது. ஒரு காலத்தில் எவரும் விரும்பாத மேட்டுத் தரிசு இன்று மிகுந்த விலை பெறுகிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 1891இல் எழுப்பப்பட்ட நிலம், மனை உரிமை குறித்த கேள்விகள் இம்மாவட்டத்தில் இன்னும் முழுமையாகத் தீர்வு பெறவில்லை.

இவற்றையும் பார்க்க

- பஞ்சமி நிலம்
- மிராசு முறை
- இரட்டைமலை சீனிவாசன்
- சென்னைக் கிறித்துவக் கல்லூரி
- தென்னிந்தியத் திருச்சபை
- தொழுநோய்
- சிங்கப்பெருமாள் கோவில்